ஜெபக் குறிப்பும் ஒரு தாயின் கடிதமும்



திருநரைப் பற்றியும் தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களைப் பற்றியும் சபைக்குள் எப்படிப் பேசுவது என்று கேட்டு, சில மாதங்களாக நம் பத்திரிகைக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. எழுதியவர்களில் ஆயர்கள் இருக்கிறார்கள், வாலிபர் ஐக்கியச் செயலர்கள் இருக்கிறார்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியைகள் இருக்கிறார்கள். 'பேசலாமா' என்று கேட்டவர்களைவிட, 'பேசினால் சண்டை வந்துவிடுமே, எப்படிப் பேசுவது' என்று கேட்டவர்களே அதிகம். 'இதையெல்லாம் அச்சடித்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள், பேரப்பிள்ளைகள் படிக்கிற பத்திரிகை' என்று கண்டித்து எழுதிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் உண்டு. ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் பேரப்பிள்ளைகளின் கைப்பேசி நம்மை முந்திக்கொண்டு இதைப் பற்றி அவர்களிடம் பேசிவிட்டது. அங்கே பேசுகிற யாருக்கும் உங்கள் பேரனைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கடிதங்களுக்கு நடுவே முகவரி இல்லாமல் ஒன்று வந்திருந்தது. எழுதியவர் ஒரு தாய். மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியதும், தனக்குப் பெண்கள்மேல் நாட்டமே இல்லை என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். பாரம் தாங்காமல் அவர் பெண்கள் ஐக்கியத்தில் தனக்கு நெருக்கமான ஒரு சகோதரியிடம் சொல்லி அழுதிருக்கிறார். அந்தச் சகோதரி பொல்லாதவர் அல்ல, உபவாசமிருந்து ஜெபிக்கிறவர். ஜெபிக்கிறவர் என்பதால்தான் அடுத்த வீட்டு ஜெபக்கூட்டத்தில் அதைக் குறிப்பாகச் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. நம் சபையில் ஒரு குடும்பம், மூத்த மகன், ஐடி வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, விடுதலைக்காக ஜெபிப்போம் என்று மட்டும் சொன்னார். அவ்வளவு அடையாளம் சொன்ன பிறகு பெயர் எதற்கு? அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் விசாரிப்பின் தொனி மாறியிருந்தது. மகன் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரவில்லை. அந்த அம்மா என்னிடம் எந்த வசனத்துக்கும் விளக்கம் கேட்கவில்லை. சபையைப் பேசச் சொல்லி எழுதுகிறீர்களே, பேசுவதற்கு முன்னால் வாயை மூடவும் கற்றுக்கொடுங்கள் என்றுதான் கேட்டிருந்தார்.

அவர் கேட்டது நியாயம். நம் சபைகளில் ரகசியம் கசிவது பெரும்பாலும் வம்பு வழியாக அல்ல, பக்தி வழியாக. வம்பு பேசுகிறவருக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். ஜெபக் குறிப்பு சொல்கிறவருக்கு அதுவும் கிடையாது. ஆகையால் இந்த விஷயத்தில் ஒரு கூடுகையை ஏற்பாடு செய்கிற சபை எதுவானாலும், பேச்சாளரைத் தேடுவதற்கு முன்பு ஒன்றை எழுத்தில் வைக்க வேண்டும்: இங்கே கேட்ட கருத்தை வெளியே கொண்டுபோகலாம், அதைச் சொன்னவர் யார் என்பதைக் கொண்டுபோகக் கூடாது, ஜெபத்தில்கூட. கடைசியில் உள்ள அந்தச் சொல்லைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் படம் போடக் கூடாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் வேண்டாம். கமிட்டிக்கு அறிக்கை வேண்டுமென்றால், எத்தனை பேர் வந்தார்கள், என்னென்ன கேள்விகள் எழுந்தன என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதோடு ஒட்டியது இன்னொன்று. 'அந்த மாதிரி ஆட்கள்' என்று தொடங்கும் ஒவ்வொரு பேச்சும், அந்த மாதிரி ஆள் யாரும் இந்த அறையில் இல்லை என்ற நினைப்பில் பிறப்பது. இருக்கிறார். அவர் இல்லாவிட்டால் அவருடைய அக்காவோ அப்பாவோ இருக்கிறார். பாடகர் குழுவில் டெனர் பாடுகிறார், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார், அசன விருந்தில் பந்தி பரிமாறுகிறார். அவர் காதில் விழும் என்று நினைத்துப் பேசுவதே முறை. அப்படி நினைத்தால் கொள்கை மாறிவிடாது, தொனி மாறும்.

திருநங்கையர் விஷயத்தில் கேள்வி இன்னும் நேரடியானது. கோயிலுக்குள் வந்தால் எந்தப் பக்கம் உட்காருவது? நம் ஊர்க் கோயில்கள் பலவற்றில் இன்றும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். திருவிருந்துக்கு எழுந்து போவதும் அப்படியே. ஒரு சபைக்குப் பிரசங்கிக்கப் போயிருந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். முதல் பாட்டு முடியும் நேரத்தில் ஒரு திருநங்கை உள்ளே வந்தார். வாசலில் நின்ற வரவேற்பாளருக்குக் கையை எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியவில்லை. கடைசியில் பின்பக்கச் சுவரோரம் கிடந்த நாற்காலியைக் காட்டினார். அவர் அதைப் பார்த்தார், பிறகு பெண்கள் பக்கம் நடந்து பாயில் உட்கார்ந்தார். இரண்டு பேர் சற்றே நகர்ந்துகொண்டார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி மட்டும் தன் பாட்டுப் புத்தகத்தைப் பாதி விரித்து அவர் பக்கம் நீட்டி, எந்தப் பாட்டு என்று விரலால் காட்டினார். ஆராதனை முடியும்வரை இருவரும் ஒரே புத்தகத்தில்தான் பாடினார்கள். அந்தப் பாட்டிக்கு இது பற்றிய இறையியல் கருத்து என்ன என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் நான் நெளியும்படி ஏதாவது சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் அன்றைக்கு அந்தக் கோயிலில் செய்ய வேண்டியதைச் செய்தவர் அவர்தான். பீடத்தில் இருந்த நாங்கள் அல்ல.

எங்கே உட்காருவது என்பது தமிழ்ச் சபைக்குப் புதிய சண்டையும் அல்ல. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாது என்று தென்னாட்டுச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். உட்காரும் இடம், திருவிருந்துக் கிண்ணம் இவைதான் அந்தச் சண்டையின் மையம். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, சாதி வழக்கங்களில் மிஷனரிமார் கைவைப்பதை எதிர்த்து எழுதியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் மனமுருகப் பாடுகிறோம், பாடவும் வேண்டும். ஆழ்ந்த பக்தி உள்ள ஒருவர் ஒரு விஷயத்தில் தவறான பக்கம் நிற்க முடியும் என்பதற்கும், அதற்காக அவரைத் தள்ளிவிட வேண்டியதில்லை என்பதற்கும் அவரைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்கு இல்லை. வில்சன் சொன்னது சரி. ஆனால் ஒரு கடிதத்தால் காரியம் முடிந்துவிடுவதில்லை. முடியவில்லை என்பதை நம் கல்லறைத் தோட்டங்களிலும் திருமண்டலத் தேர்தல்களிலும் இன்றும் பார்க்கிறோம்.

பேசாமல் விட்டதால் வந்த கேடு ஒன்றும் நம் கணக்கில் உண்டு. 1986-இல் சென்னையில் எடுக்கப்பட்ட ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அந்தச் சோதனை நடந்த இடம் வேலூர் சி.எம்.சி. அதாவது நம்முடைய சொந்த மருத்துவமனை. அங்கே நம் மருத்துவர்கள் உடலைப் பற்றியும் உறவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய பிறகும், பிரசங்க பீடங்கள் வெகுகாலம் வாய் திறக்கவில்லை. இறந்தவரை அடக்கம் பண்ண வரத் தயங்கிய சபைகள் இருந்தன. பிறகு இந்திய தேசியத் திருச்சபைகள் பேரவை எச்.ஐ.வி. ஊழியத்தைக் கையில் எடுத்தது. அந்த ஊழியத்தின் வழியாகத்தான் பாலின, பாலியல் பன்மை பற்றி இறையியல் கல்லூரிகளிலும் ஆயர் பயிற்சிகளிலும் பேசுவது மெல்ல நடைமுறைக்கு வந்தது. நோயாளியின் படுக்கையோரம்தான் நாம் பேசக் கற்றோம்.

வெளியே மற்ற சபைகள் இதை எப்படிச் செய்தன என்று பார்ப்போம். 1998-இல் லாம்பெத் மாநாட்டில் கூடிய ஆங்கிலிக்கன் பேராயர்கள் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். ஆதரவு 526, எதிர்ப்பு 70. தன்பால் உறவு வேதத்துக்கு ஒத்ததல்ல என்று அந்தத் தீர்மானம் சொன்னது. அதே தீர்மானம், தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களின் அனுபவத்தைக் காதுகொடுத்துக் கேட்க நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம் என்றும் சொன்னது. நம் தென்னிந்தியத் திருச்சபையும் அந்த ஐக்கியத்தில் அங்கம்தான். முதல் பாதியை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இரண்டாம் பாதியை நிறைவேற்றிய திருமண்டலங்களை விரல்விட்டு எண்ணலாம் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்து திருச்சபை அந்த இரண்டாம் பாதியைத் தாமதமாகவாவது எடுத்துச் செய்தது. 2014 முதல் 2016 வரை, எதிரெதிர்க் கருத்துள்ளவர்களைப் பகுதி பகுதியாகக் கூட்டி உட்காரவைத்தார்கள். தீர்மானம் எதுவும் கிடையாது. நடத்துவதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள். 2016 ஜூலையில் யார்க் நகரில் பொதுச் சங்கமே வழக்கமான விவாத விதிகளை ஒதுக்கிவைத்து, பத்திரிகையாளர்களை வெளியே நிறுத்திவிட்டு அப்படிப் பேசியது. 2020 நவம்பரில் ஒரு பெரிய நூலும், சபைகள் குழுவாக உட்கார்ந்து படிப்பதற்கு ஐந்து அமர்வுகள் கொண்ட பாடமும் வந்தன. எனக்கு அவற்றைவிடப் பயன்பட்டது, 2019-இல் அவர்கள் வெளியிட்ட ஒரு சிறு வழிகாட்டி. நல்ல உரையாடலைக் கெடுப்பவை ஆறு என்று அது சொல்கிறது: முன்முடிவு, மௌனம், அறியாமை, பயம், மாய்மாலம், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது. முதல் ஐந்தையும் நம் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஆறாவதைப் பற்றி நம் கமிட்டி அறைகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அத்தனை ஆண்டு பேசியும் அவர்கள் ஒருமனப்படவில்லை. 2023 பிப்ரவரியில் தன்பால் இணையருக்கான ஆசீர்வாத ஜெபங்களைப் பொதுச் சங்கம் வரவேற்றபோது, பொதுநிலையினர் அவையில் ஆதரவு 103, எதிர்ப்பு 92. ஏறக்குறைய இரண்டு பாதி. இரு பக்கத்தாரும் களைத்துப்போனார்கள். அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் சபை வேறு வழியில் போனது. அங்கே ஒவ்வொரு பொது மாநாட்டிலும் வாக்கெடுப்புதான். 2019-க்கும் 2023-க்கும் நடுவே ஏறக்குறைய 7,600 சபைகள் பிரிந்து போயின. 2024-இல் சார்லட் நகரில் தன்பால் உறவு தொடர்பான பழைய தடைகள் நீக்கப்பட்டபோது, எதிர்த்து வாதாடியிருக்கக்கூடியவர்களில் பலர் ஏற்கெனவே போய்விட்டார்கள். நல்ல முறையில் பேசினால் எல்லாரும் ஒரே கருத்துக்கு வந்துவிடுவோம் என்று ஆசைகாட்டி யாரையும் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். அது பொய்.

முறை என்று பார்த்தால் ரோமையில் நடந்ததுதான் என் மனதில் நிற்கிறது. 2023 அக்டோபரில் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர் மாமன்றம் ஆறாம் பவுல் அரங்கில் வட்ட மேசைகளைச் சுற்றி உட்கார்ந்தது. கர்தினால்களுக்குப் பக்கத்தில் பொதுநிலைப் பெண்கள், அவர்களுக்கும் வாக்குரிமை. முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தமக்கு அளந்து கொடுத்த சில நிமிடங்கள் பேச வேண்டும். குறுக்கே யாரும் பேசக் கூடாது. பிறகு அமைதி, ஜெபம். இரண்டாம் சுற்றில் தன் கருத்தை மறுபடி சொல்லக் கூடாது. மற்றவர் சொன்னதில் தன்னைத் தொட்டது எது என்றுதான் சொல்ல வேண்டும். மறுபடி அமைதி. மூன்றாம் சுற்றில்தான் எதில் ஒத்துப்போகிறோம், எதில் இல்லை என்று பேசுவது.

அந்த இரண்டாம் சுற்று நமக்குத்தான் கடினம். நம்மிடம் பேச்சு என்றால் பிரசங்கம், அல்லது சாட்சி. பிரசங்கத்தில் ஒருவர் பேசி மற்றவர் கேட்கிறோம். சாட்சிக்கு ஓர் அச்சு உண்டு: முன்பு இப்படி இருந்தேன், ஆண்டவர் தொட்டார், இப்போது இப்படி இருக்கிறேன். அந்த அச்சுக்குப் பழகிய காது, ஒரு வாலிபன் எழுந்து 'நான் இப்படித்தான் இருக்கிறேன், ஆண்டவரை நேசிக்கிறேன், அடுத்து என்ன என்று தெரியவில்லை' என்று சொன்னால், முடிவைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டானே என்று தவிக்கும். முடிவை நாமே சொல்லிக் கொடுக்கத் துடிப்போம். ஆகவே யாரையும் மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். துணிந்து வருகிற ஒரு பிள்ளையை முந்நூறு பேர் முன்னால் நிறுத்துவது அவனுக்குப் பாதுகாப்பும் அல்ல, சபைக்கு அதனால் பயனும் அல்ல. எட்டுப் பேர், ஒரு வட்டம், மைக் வேண்டாம். மைக் இருந்தால் அதைப் பிடிக்கப் பழகியவர்கள்தான் பிடிப்பார்கள். அவர்கள் யார் யார் என்பது ஒவ்வொரு சபைக்கும் தெரியும். முதல் தடவை பெண்கள் தனியாகக் கூடினால் நல்லது. கணவரும் மாமனாரும் இருக்கும் வட்டத்தில் நம் வீட்டுப் பெண்கள் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். ஆயர் வட்டத்தில் உட்காரலாம். நடத்துவது வேறொருவராக இருக்கட்டும், ஆயரின் முறை கடைசியில் வரட்டும். ஆயர் முதலில் பேசிவிட்டால், மற்றவர்கள் பேசுவதெல்லாம் அவருக்கு ஆமென் சொல்வதாகவோ அவரை மறுப்பதாகவோ ஆகிவிடும். பேச விருப்பம் இல்லாதவர் 'அடுத்தவர் பேசட்டும்' என்று சொல்லி விட்டுவிடலாம்; ஏன் என்று கேட்கக் கூடாது. திருநங்கையரிடம், திருநம்பியரிடம் அறுவை சிகிச்சை பற்றிக் கேட்பது என்ற கெட்ட பழக்கத்தை அன்றோடு விட்டுவிட வேண்டும்.

இங்கிலாந்தின் பாடத்தையோ ரோமையின் முறையையோ அப்படியே கொண்டுவந்தால் இங்கே ஓர் இடத்தில் இடிக்கும். அங்கே கேள்வி தனி ஒருவருடையது: நான் யார், யாரோடு வாழப்போகிறேன்? இங்கே அந்தக் கேள்வியோடு ஒரு குடும்பமே சேர்ந்து நிற்கிறது. தங்கைக்கு வரன் வருமா, பெரியப்பா வீட்டில் என்ன சொல்வார்கள், கோயிலில் திருமண ஓலை வாசிக்கும்போது யார் எழுந்து நிற்பார்கள் என்ற பயம் அந்த வீட்டில் இரவு பகலாக இருக்கும். அதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட்டு வாலிபர்களோடு மட்டும் பேசுகிற சபை, பெற்றோரைத் தனியே விட்டுவிடுகிறது. பெற்றோர் அழுவதற்கு நம்பகமான ஓர் ஆள் சபைக்குள் இருந்திருந்தால், நான் மேலே சொன்ன கடிதம் எழுதப்பட்டிருக்காது.

கல்யாணம் என்று வந்துவிட்டதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஆராதனை முடிந்து வெளியே வரும் ஒவ்வொரு வாலிபனிடமும் 'எப்போ கல்யாணச் சாப்பாடு?' என்று கேட்பதை நாம் அன்பு என்று நினைக்கிறோம். கல்யாணம் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நம் குடும்பங்களில் பழைய வைத்தியம். அந்த வைத்தியத்தில் மருந்தாகக் கொடுக்கப்படுவது ஒரு பெண்ணின் வாழ்க்கை. மணமேடையில் அவளுக்கு எதுவும் தெரியாது. முதல் வருடம் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைப்பாள்; மாமியாரும் அதையே சொல்வார். குழந்தை இல்லை என்று அவளுக்காக ஜெபக் குறிப்பு ஓடும். ஆலோசனை கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்த கடிதங்களில் இப்படிப்பட்ட மனைவிமார் எழுதியவையும் உண்டு. தன்பால் உறவு பாவம் என்று உறுதியாக நம்புகிற ஆயர்கள்கூட ஓர் உறுதி எடுக்கலாம்: விருப்பமில்லை என்று தெரிந்த ஒரு மகனையோ மகளையோ கட்டாயப்படுத்தி நடத்தும் திருமணத்துக்கு ஓலை வாசிக்க மாட்டேன் என்று. அதற்கு எந்தக் கொள்கையையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இரு தரப்பும் ஒத்துப்போகக்கூடிய இடம் இது. உரையாடலை இங்கிருந்து தொடங்குகிற சபை அதிக தூரம் போகும் என்பது என் எண்ணம்.

வேதம் படிக்காமல் கிறிஸ்தவர்கள் இதைப் பேச முடியாது, படிக்கவே வேண்டும். ஆனால் முழுதாகப் படியுங்கள். ஆதியாகமம் 19, லேவியராகமம் 18, ரோமர் 1, 1 கொரிந்தியர் 6 எல்லாருக்கும் தெரியும். சோதோமின் அக்கிரமம் என்ன என்று எசேக்கியேல் 16 சொல்வதையும் சேர்த்துப் படியுங்கள். ரோமர் முதலாம் அதிகாரத்தோடு நிறுத்தாமல் இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்துக்கும் போங்கள். அண்ணகரைப் பற்றி உபாகமம் 23 சொல்வதை ஏசாயா 56 எப்படித் திறந்துவிடுகிறது என்று பாருங்கள். பிறகு அப்போஸ்தலர் 8-இல் காசா வழியில் போன இரதத்தைப் பாருங்கள். ஆணும் பெண்ணுமாகப் படைத்தது பற்றி மத்தேயு 19-இல் ஆண்டவர் பேசியதையும், அதே அதிகாரத்தில் சற்றுத் தள்ளி அண்ணகர்களைப் பற்றி அவர் பேசியதையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். பாரம்பரியக் கருத்துள்ளவர்களும் மாற்றுக் கருத்துள்ளவர்களும் இந்தப் பகுதிகளிலிருந்துதான் வாதாடுகிறார்கள். எதிர்த் தரப்பு எந்த வசனத்தில் நிற்கிறது என்பதாவது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

அப்போஸ்தலர் 15-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். எருசலேமில் பெரிய வாக்குவாதம் நடக்கிறது. பேதுரு தான் கண்டதைச் சொல்கிறார். கூட்டம் அமைதியாகி, பர்னபாவும் பவுலும் சொல்வதைக் கேட்கிறது. பிறகுதான் யாக்கோபு பேசுகிறார். முடிவைக் கடிதமாக எழுதினார்கள். ஆனால் கடிதத்தை மட்டும் அனுப்பவில்லை. யூதாவையும் சீலாவையும் கூடவே அனுப்பினார்கள், நேரில் வாய்மொழியாகவும் விளக்குவதற்காக. 1833-இல் வில்சன் இதைக் கவனித்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் பார்வர்ட் பண்ணிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கும் நாமும் கவனிக்கலாம். அந்த அதிகாரத்தின் கடைசியில் மாற்கு என்ற ஒரு வாலிபன் விஷயமாகப் பவுலும் பர்னபாவும் முறுகிப் பிரிந்துபோகிறார்கள் என்பதையும் லூக்கா மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பல ஆயர்கள் கேட்டிருந்தீர்கள். மூன்றாம் பாலினத்தவரின் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று அங்கீகரித்தது. வயதுவந்த இருவர் மனமொப்பிக் கொள்ளும் தன்பால் உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று சொன்னது. தன்பால் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபர் 17 அன்று மறுத்துவிட்டது. ஆகவே யாரோ இரண்டு ஆண்கள் நாளைக்கே வந்து ஓலை வாசிக்கச் சொல்வார்கள் என்று பயந்து எழுதியவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைத்தான் ஆயர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டாரின் எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்டார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைத் தாம் இன்னும் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் தாமே போய் உட்கார்ந்து கேட்டார். பெண்களின் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். 2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவில், ஒருவருடைய பாலியல் ஈர்ப்பைச் சிகிச்சையால் மாற்ற முயல்வதைத் தடைசெய்தார். அது நோயல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே 'நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறார், சரிபண்ணிவிடுவார்' என்று பெற்றோருக்கு வழிகாட்டாதீர்கள். விடுதலை ஜெபம் என்ற பெயரில் பிள்ளையை அறையில் அடைத்துப் பட்டினி போடுவதும், அடிப்பதும் ஜெபம் அல்ல. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

என் கருத்து என்ன என்று நேரடியாகக் கேட்ட சிலருக்கு இதைச் சொல்ல வேண்டும். பாவம் எது, திருமணம் எது, திருநிலைப்படுத்தலுக்குத் தகுதி எது என்பவை சபை உட்கார்ந்து வாதாட வேண்டியவை. பத்து வருடம் வாதாடினாலும் தப்பில்லை. ஒரு பிள்ளை அடி வாங்காமல், கேலிக்கு ஆளாகாமல், பெயர் கெடாமல் கோயிலுக்கு வந்து போகலாமா என்பது வாதத்துக்கு உரியதே அல்ல. இரண்டையும் ஒரே மேசையில் வைத்ததால்தான் இவ்வளவு நாள் நம்மால் பேச முடியவில்லை. முதலாவதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் இந்தப் பத்திரிகையில் தொடர்ந்து எழுதுவார்கள். இரண்டாவதில் மாற்றுக் கருத்து வந்தால் அச்சேற்ற மாட்டேன்.

தென்னிந்தியத் திருச்சபையில் பெண் ஒருவர் முதன்முதலாக ஆயராக அபிஷேகம் பெற்றது 1976-இல். முதல் பெண் பேராயர், நந்தியால் திருமண்டலத்தில் எக்கோனி புஷ்பலலிதா, 2013-இல். நடுவே 37 ஆண்டுகள். அந்தப் பேச்சு தொடங்கிய நாளில் எழுந்து வெளிநடப்புச் செய்தவர்களின் பேத்திமார் இன்று இறையியல் கல்லூரிகளில் படிக்கிறார்கள். இந்தப் பேச்சும் அப்படியே முடியும் என்று நான் சொல்லவில்லை. எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த இதழிலிருந்து பெற்றோருக்காக இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். அனுபவமுள்ள ஓர் உளவியல் ஆலோசகரும், பணி ஓய்வு பெற்ற ஓர் ஆயரும் பதில் எழுதுவார்கள். இருவருக்கும் எல்லா விஷயத்திலும் ஒரே கருத்து இல்லை, தெரிந்துதான் கேட்டுக்கொண்டோம். எழுதுகிறவர்கள் பெயரோ ஊரோ குறிப்பிட வேண்டாம். குறிப்பிட்டிருந்தாலும் அச்சிட மாட்டோம், கடிதத்தைக் கிழித்துவிடுவோம். கூடுகை நடத்த விரும்பும் சபைகளுக்காக, மேலே சொன்ன ஒழுங்குகளை ஒரு பக்கத்தில் அச்சடித்து வைத்திருக்கிறோம். சுய முகவரியிட்டு அஞ்சல்தலை ஒட்டிய உறை அனுப்பினால் வரும். தலைமையாசிரியர் ஐயா, உங்களுக்கு ஒரு பிரதி இன்றே தபாலில் சேர்த்துவிட்டேன். படித்துவிட்டுத் திட்டியாவது எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்